இளையபெருமாள் குழு அறிக்கையை நாம் ஏன் மறந்தோம்?

தனித்தொகுதி எம்.பி. என்றதும் நம் தரப்பில் தயாராக ஒரு சொல் இருக்கிறது: பொம்மை. கொஞ்சம் வாசித்தவர்கள் கான்ஷிராம் 1982-இல் எழுதிய 'சம்சா யுகம்' நூலை நினைவூட்டுவார்கள். 1932 பூனா ஒப்பந்தத்தில் தனி வாக்காளர் தொகுதி பறிபோயிற்று; கூட்டுத் தொகுதியில் மற்ற சாதியாரின் வாக்கை நம்பி நிற்கும் பட்டியல் சாதி உறுப்பினர், தன்னை ஜெயிக்க வைத்தவர்களுக்கு எதிராக வாய் திறக்க மாட்டார் என்பது அந்த வாதம். எனக்கும் இதில் பெரும்பகுதி உடன்பாடுதான். விவாதங்களில் நானும் இதையே பேசுகிறேன். ஆனால் இந்த வாதத்துக்குள் சுலபமாக அடங்காத ஒரு மனிதர் நம் பக்கத்து ஊர்க்காரர். அவரைப் பற்றிப் பேசாமலேயே இந்த வாதத்தை நாம் முடித்துக்கொள்கிறோம் என்பதுதான் என் குறை.

எல். இளையபெருமாள். 1924 ஜூன் 26-இல் பிறந்தவர். காட்டுமன்னார்கோயில் பக்கம். பள்ளியில் ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த தனித் தண்ணீர்ப் பானையை உடைத்தவர் என்று அந்த வட்டாரத்தில் இன்றும் சொல்வார்கள். 1952-இல், இந்த நாட்டின் முதல் பொதுத் தேர்தலில், காங்கிரஸ் வேட்பாளராகக் கடலூரிலிருந்து மக்களவைக்குப் போனார். வயது 28 கூட ஆகவில்லை. 1957-இல் சிதம்பரம். 1962-இல் திருக்கோவிலூர் தனித்தொகுதி. அதாவது, இன்று கள்ளக்குறிச்சி மாவட்டமாக இருக்கும் இந்த மண்ணின் பெயரிலும் அவர் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருக்கிறார். திருநாவலூர்க்காரனான எனக்கு இது முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லவில்லை. கல்லூரியில் சொல்லவில்லை. நம் இயக்க மேடைகளிலும் அதிகம் கேட்டதில்லை.

முதல் இரண்டு தேர்தல்கள் நடந்த விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அப்போது பல இடங்களில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. ஒரே தொகுதி, இரண்டு இடம், அதில் ஒன்று பட்டியல் சாதியினருக்கு. வாக்காளருக்கும் இரண்டு வாக்கு. ஒரே மக்களுக்கு ஒரு 'பொது' உறுப்பினர், ஒரு 'தனி' உறுப்பினர். இந்த முறை 1961-இல் ஒழிக்கப்பட்டதற்கான காரணம் சுவாரசியமானது. 1957-இல் ஆந்திரத்தின் பார்வதிபுரம் தொகுதியில் இரண்டு இடங்களையும் பழங்குடி வேட்பாளர்களே வென்றுவிட்டார்கள். தோற்றவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி. கிரி. அவர் வழக்குப் போட்டார். தனி இடத்துக்குரியவர் பொது இடத்தையும் வெல்லலாம் என்பது உச்ச நீதிமன்றம் வரை போய் உறுதியானது. அடுத்த சில ஆண்டுகளில் அந்த முறையே போய்விட்டது. இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை.

இளையபெருமாள் முதல் மக்களவையில் இருந்தபோதுதான் தீண்டாமைக் குற்றச் சட்டம் நிறைவேறியது. 1955. அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டதாக அறிவித்து ஐந்தாண்டு கழித்துத்தான் அதற்குத் தண்டனைச் சட்டம் வந்தது. அந்தத் தண்டனையைப் பாருங்கள்: அதிகபட்சம் ஆறு மாதச் சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். குறைந்தபட்சத் தண்டனை என்று ஒன்றே கிடையாது. நீதிபதி விரும்பினால் சில ரூபாய் அபராதத்தோடு அனுப்பிவிடலாம். எல்லாவற்றையும் விட மோசமானது, நீதிமன்ற அனுமதியோடு இந்தக் குற்றத்தில் ராஜி செய்துகொள்ளலாம் என்ற பிரிவு.

ராஜி என்பது தென்னாற்காட்டு கிராமத்தில் எப்படி நடக்கும்? டீக்கடையில் தனிக் குவளை கொடுத்தார்கள் என்று ஒருவர் புகார் கொடுக்கிறார். மறுநாள் அவர் நடவுக்குப் போகவேண்டியது குவளை கொடுத்தவரின் பங்காளி வயலுக்கு. அவர் குடியிருக்கும் மனைக்குப் பட்டா இல்லை. ஆடு மாடு மேய்ப்பது யாருடைய புறம்போக்கிலோ. இரண்டே நாளில் ஊர்ப் பெரியவர்கள் சேரிக்கு வந்து 'நமக்குள்ள எதுக்கு கோர்ட்டு கேசு' என்று பேசிவிட்டுப் போவார்கள். மூன்றாம் நாள் ராஜி. புகார் கொடுத்தவரே 'அப்படி எதுவும் நடக்கவில்லை' என்று எழுதிக் கொடுப்பார். சட்டம் இதற்கு வாசலைத் திறந்து வைத்திருந்தது. கூலிக்காரருக்கும் நிலக்காரருக்கும் இடையே 'சமரசம்' என்று ஒன்று சாத்தியம் என்று தில்லியில் சட்டம் எழுதியவர்கள் நம்பினார்கள். அல்லது நம்புவதுபோல் நடித்தார்கள்.

1965 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. பெயர் நீளமானது: தீண்டாமை, பட்டியல் சாதியினரின் பொருளாதார, கல்வி மேம்பாடு பற்றிய குழு. தலைவர் இளையபெருமாள். சட்டம் வந்து பத்தாண்டு ஆகியும் தீண்டாமை ஏன் அப்படியே இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார்கள். குழு மாநிலம் மாநிலமாகப் போய்ச் சாட்சியம் கேட்டது. 1969-இல் அறிக்கை வந்தது. இடையில் நடந்ததையும் நினைவில் வையுங்கள். 1967 தேர்தலில் தமிழ்நாட்டில் காங்கிரஸ் கவிழ்ந்தது. குழுவின் தலைவராக நியமிக்கப்பட்டபோது எம்.பி.யாக இருந்தவர், அறிக்கை கொடுத்தபோது எம்.பி. இல்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரே குடிசையில் வைத்து எரித்தார்கள். அந்தச் சாம்பல் ஆறிய சில வாரங்களில்தான் இந்த அறிக்கை அரசின் கைக்குப் போகிறது. அதே 1969-இல் பூரி சங்கராச்சாரியார் பாட்னாவில் தீண்டாமையை நியாயப்படுத்திப் பேச, நாடாளுமன்றம் கொந்தளித்தது. தீண்டாமை பழைய கதை, படிப்பு வந்தால் தானாகப் போய்விடும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தச் சில மாதங்கள் போதுமான பதிலாக இருந்தன.

அறிக்கையால் என்ன ஆயிற்று? உடனே ஒன்றும் ஆகவில்லை. 1972-இல் திருத்த மசோதா வந்தது, கூட்டுக் குழுவுக்குப் போனது, 1976-இல்தான் சட்டமானது. அவசரநிலைக் காலம். எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தார்கள். நாட்டின் குடியுரிமைகளையெல்லாம் முடக்கிவைத்திருந்த அரசு, தீண்டாமைக் குற்றச் சட்டத்துக்குக் 'குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம்' என்று பெயர் மாற்றியது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஆனால் பெயரை விடுங்கள், உள்ளே இருப்பதைப் படியுங்கள். நம் வழக்கறிஞர் தோழர்கள்கூட 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தோடு நின்றுவிடுகிறார்கள். 1976-இன் பிரிவுகள் பலவும் இன்றைக்கும் உயிரோடு இருக்கின்றன.

ராஜி ஒழிந்தது. குறைந்தபட்சம் ஒரு மாதச் சிறை, கூடவே அபராதமும் கட்டாயம் என்றானது. (ஆறு மாத உச்சவரம்பு அப்படியே நின்றது. ஒரு மனிதரைக் கோயில் வாசலில் அடித்து விரட்டியதற்கு ஆறு மாதம் என்பது கேவலமான கணக்குதான். 1989 சட்டம் தேவைப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.) தீண்டாமையை வரலாறு, தத்துவம், மதம், சாதி மரபு எந்தப் பெயரில் நியாயப்படுத்திப் பேசினாலும் குற்றம் என்றானது. பூரி மடத்துக்கு அது நேரடி பதில். இந்தச் சட்டத்தில் தண்டனை பெற்றவர் தேர்தலில் நிற்கத் தகுதி இழப்பார். ஒரு ஊரே சேர்ந்து குற்றத்துக்குத் துணை போனால் ஊர் முழுவதற்கும் கூட்டு அபராதம் போடலாம். தீண்டாமை வழக்கை விசாரிக்க வேண்டிய அரசு ஊழியர் வேண்டுமென்றே அலட்சியம் காட்டினால், அவரும் அந்தக் குற்றத்துக்கு உடந்தை. மேற்சொன்னதில் கடைசிப் பிரிவை இன்னொரு தடவை படியுங்கள். 'மனுவை வாங்க மாட்டேன்' என்று சொல்லும் காவல் நிலைய எழுத்தரிலிருந்து 'பேச்சுவார்த்தை நடத்திப் பார்க்கலாம்' என்று சொல்லும் அதிகாரிவரை இந்தப் பிரிவின் நிழல் விழ வேண்டும். எத்தனை பேர் மீது விழுந்திருக்கிறது?

இன்னொரு பிரிவு 7ஏ. தீண்டாமையின் பெயரால் ஒருவரை மலம் அள்ளவோ, பெருக்கவோ, செத்த மாட்டைத் தூக்கவோ, தோல் உரிக்கவோ, தொப்புள்கொடி அகற்றவோ கட்டாயப்படுத்தினால் அதுவே தீண்டாமைக் குற்றம். இதைப் படிக்கும்போது எனக்குத் தில்லி நினைவுக்கு வருவதில்லை, காட்டுமன்னார்கோயில் வட்டாரம்தான் நினைவுக்கு வருகிறது. சாவுக்குப் பறை அடிக்க மாட்டோம், செத்த மாட்டைத் தூக்க மாட்டோம் என்று அந்தப் பக்கத்துச் சேரிகள் மறுத்த போராட்டங்களில் இளையபெருமாளுக்குப் பெரும் பங்குண்டு. இங்கே ஒரு சின்ன விலகல். இன்று நாம் பறையை விடுதலையின் இசை என்று மேடையில் ஏற்றுகிறோம். நானும் கல்லூரி விழாவில் அடித்திருக்கிறேன், கை சிவக்கச் சிவக்க. அந்தத் தலைமுறைக்குப் பறையைக் கீழே போடுவதுதான் விடுதலை. இரண்டும் ஒரே கோபத்தின் இரண்டு முகங்கள் என்று சொல்லி முடிச்சுப் போட்டுவிடலாம்தான். ஆனால் ஊருக்குள் இன்னமும் சாவு மேளத்துக்கு ஆள் அனுப்பச் சொல்லி நாட்டாமை சேரிக்குத் தகவல் சொல்லும் நிலை இருக்கும்வரை, அந்தப் பழைய மறுப்பை வெறும் கூச்சம் என்றோ பண்பாடு தெரியாமை என்றோ ஒதுக்க நமக்கு உரிமை இல்லை.

இனி, என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்ற கோரிக்கையின் வரலாற்றை நாம் எப்படிச் சொல்கிறோம்? பெரியார் 1970 ஜனவரி 26-இல் கருவறை நுழைவுக் கிளர்ச்சி என்று அறிவித்தார். கலைஞர் அரசு சட்டம் கொண்டுவருகிறோம் என்று சொல்லக் கிளர்ச்சி நின்றது. அந்த ஆண்டு டிசம்பரில் அறநிலையச் சட்டத் திருத்தம் வந்தது, பரம்பரை அர்ச்சகர் உரிமை நீக்கப்பட்டது. 1972-இல் சேஷம்மாள் வழக்கு. பிறகு 2006, 2015, 2021. இது உண்மைதான். பெரியாரின் பங்கை யாரும் குறைத்துவிட முடியாது. ஆனால் அந்தத் திருத்தச் சட்டத்தின் நோக்கவுரையை எடுத்துப் பாருங்கள். சேஷம்மாள் தீர்ப்பிலேயே அது இருக்கிறது. அரசு தன் சட்டத்துக்குக் காரணமாகக் காட்டுவது 1969-இன் இளையபெருமாள் குழு அறிக்கையை. இந்து சமூகத்தில் பரம்பரைப் பூசாரி முறையை ஒழிக்க வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களில் பயிற்சி பெற்ற, உரிய கல்வித் தகுதி உடைய யாரும் சாதி, மத, இன வேறுபாடு இல்லாமல் அந்தப் பணிக்கு வரலாம் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. சட்டம் அதைச் சுட்டிக்காட்டித்தான் தொடங்குகிறது.

இந்தப் பரிந்துரை எங்கிருந்து வருகிறது என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1936-இல் லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டல் மேடையில் பேச விடாமல் தடுக்கப்பட்ட உரையில் அம்பேத்கர் இதைத்தான் சொன்னார். பூசாரித் தொழிலை ஒழிக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் அது பரம்பரையாக வரக் கூடாது, அரசு தேர்வு வைக்க வேண்டும், தேறியவருக்குச் சான்று கொடுக்க வேண்டும் என்றார். அந்தக் கோரிக்கை 33 ஆண்டு கழித்து இந்திய அரசின் குழு அறிக்கை ஒன்றில் பரிந்துரையாக ஏறுகிறது. ஏற்றியது காங்கிரஸ்காரர் ஒருவர் தலைமை வகித்த குழு. 'அரிசன காங்கிரஸ்காரர்' என்று நாம் கேலியாக ஒதுக்கும் வரிசையில் நின்றவர். லாகூரில் பேசவிடாத பேச்சு தில்லி வழியாகச் சென்னைக் கோட்டைக்கு வந்து சேர்ந்த பாதையில் ஒரு தலித் எம்.பி. நிற்கிறார். திராவிட இயக்க வரலாற்றில் அவருக்கு ஒரு அடிக்குறிப்புக்கூடக் கிடைப்பதில்லை. காங்கிரஸ் வரலாற்றிலும் இல்லை. தலித் இயக்க வரலாற்றிலோ, 1990-களுக்கு முன் ஒன்றுமே நடக்காததுபோல் பேசுவது நமக்குப் பழகிவிட்டது.

இந்த விஷயம் திருநாவலூர்க்காரனை ஏன் குத்துகிறது என்று கேட்கலாம். எங்கள் ஊரின் பெருமை என்று எல்லோரும் சொல்வது சுந்தரரை. தேவாரம் பாடிய மூவரில் ஒருவர், இங்கே பிறந்தவர். அவர் ஆதிசைவர் குலம், அதாவது பரம்பரையாகச் சிவன் கோயில் பூசைக்கு உரியவர்கள் என்று சொல்லப்படும் குலம். பெரியபுராணக் கதைப்படி அந்தக் குழந்தையை நரசிங்க முனையரையர் என்ற சிற்றரசர் கேட்டு வாங்கி அரண்மனையில் வளர்க்கிறார். எங்கே வளர்ந்தாலும் குலம் மாறவில்லை. அதே சுந்தரர் பாடிய திருத்தொண்டத் தொகையில் அடியார் வரிசையில் திருநாளைப்போவார் என்ற பெயர் வருகிறது. நந்தனார். காட்டுமன்னார்கோயில் பக்கம் ஆதனூர்க்காரர் என்று சொல்லப்படுகிறவர், இளையபெருமாளின் வட்டாரம். சிதம்பரத்துக்கு நாளை போவேன் நாளை போவேன் என்று காத்திருந்தவர், கடைசியில் தீயில் இறங்கிப் பூணூலோடு வெளிவந்தால்தான் உள்ளே விட முடியும் என்று புராணம் முடித்து வைத்தவர். திருநாவலூர்க்காரர் பிறப்பாலேயே கருவறைக்கு உரியவர், ஆதனூர்க்காரர் எரிந்தால்தான் வாசலுக்கு உரியவர். பட்டியலில் இடம் கொடுப்பதும் கருவறையில் இடம் கொடுப்பதும் ஒன்றில்லை என்று அன்றே தெரிந்துவிட்டது. சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் பள்ளிக்கூடம் தொடங்கினார். அதே வட்டாரத்திலிருந்து வந்த இளையபெருமாளின் குழு பரம்பரைப் பூசையையே ஒழிக்கச் சொன்னது. நந்தனாரை நெருப்பில்லாமல் உள்ளே கூட்டிப்போக நடந்த முயற்சிகள் என்றுதான் நான் இதையெல்லாம் படிக்கிறேன்.

முயற்சி எங்கே நிற்கிறது? 1972-இல் உச்ச நீதிமன்றம் பரம்பரை உரிமை நீக்கத்தைச் செல்லும் என்றது. ஆனால் ஆகமம் யாரை அனுமதிக்கிறதோ அவரைத்தான் நியமிக்க வேண்டும் என்ற கதவையும் திறந்து வைத்தது. அப்பா போனால் மகன் என்பது போனது, அந்த வகுப்பைத் தாண்டக் கூடாது என்பது நின்றது. 2006-இல் மீண்டும் அரசாணை, 200-க்கும் மேற்பட்டோருக்குப் பயிற்சி, உடனே வழக்கு. வழக்கின் பெயரிலேயே ஆதிசைவ சிவாச்சாரியார்கள் சங்கம் இருக்கிறது. 2015 டிசம்பர் தீர்ப்பு மறுபடி ஆகமத்தைக் காட்டியது. பயிற்சி முடித்த பிள்ளைகள் கூலி வேலைக்கும் கடை வேலைக்கும் போனார்கள். 2021 ஆகஸ்ட் 14-இல்தான், பயிற்சி பெற்ற 24 பேருக்கு நியமன ஆணை கிடைத்தது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆகமக் கோயில் எது, ஆகமம் இல்லாத கோயில் எது என்று பார்க்க ஒரு குழு போடச் சொன்னது. 1969-இல் ஒரு குழு சொன்னதைச் செய்யலாமா என்று பார்க்க 2022-இல் இன்னொரு குழு.

அர்ச்சகர் விஷயம் பெரிய கோயில்களின் சிக்கல், கிராமத்தில் நிலைமை வேறு என்று சிலர் சொல்வார்கள். வேறுதான். எங்கள் மாவட்டத்தில் சின்னசேலம் பக்கம் எடுத்தவாய்நத்தம் இருக்கிறது. அறநிலையத் துறைக் கோயிலான வரதராஜப் பெருமாள் கோயிலுக்குள் தலித் மக்கள் போனது 2023 ஜனவரி 2-ஆம் தேதி, போலீஸ் காவலோடு. விழுப்புரம் பக்கம் மேல்பாதியில் 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித் மக்களை அடித்தார்கள். பேச்சுவார்த்தை மேல் பேச்சுவார்த்தை. ஜூனில் கோயிலையே பூட்டி சீல் வைத்தார்கள். 2025 ஏப்ரலில்தான் தலித் மக்கள் உள்ளே போக முடிந்தது, அதுவும் காவலர்கள் சூழ. 1955 சட்டத்தின் மூன்றாவது பிரிவே கோயில் நுழைவைத் தடுப்பது குற்றம் என்கிறது. தடுத்தவர் மீது நடவடிக்கை என்பதுதான் சட்டம் சொல்லும் வழி. நிர்வாகம் கண்டுபிடித்த வழி சாமியைப் பூட்டுவது. 1976-இல் ராஜிப் பிரிவைச் சட்டப் புத்தகத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். அது கோட்டாட்சியர் அலுவலகத்தில் 'அமைதிப் பேச்சுவார்த்தை' என்ற பெயரில் குடியேறிவிட்டது. நீதிமன்றத்துக்கு வந்த வழக்கிலோ சாட்சிகள் பிறழ்சாட்சி ஆகிறார்கள். வயலும் மனையும் கூலியும் யார் கையில் இருக்கிறது என்ற பழைய கேள்விதான்.

அதனால்தான் குழுவின் பெயரை நீளமாகச் சொன்னேன். தீண்டாமை, பொருளாதாரம், கல்வி. மூன்றையும் ஒரே தலைப்பில் வைத்தார்கள். சட்டமாகி நமக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் முதல் சொல்தான். தண்டனைச் சட்டம் போடுவது அரசுக்குச் செலவில்லாத வேலை. நிலம் கொடுப்பதற்கு யாரிடமிருந்தாவது எடுக்க வேண்டும். 1892-இல் ஒதுக்கிய பஞ்சமி நிலத்தையே மீட்டுத் தராத அரசுகள் புதிதாக எதைக் கொடுக்கும்?

இளையபெருமாளைத் தெய்வமாக்கும் எண்ணம் எனக்கு இல்லை. அவர் காங்கிரசில்தான் இருந்தார், நெடுங்காலம். அந்தக் கட்சி நிலவுடைமையாளர்களின் கட்சியாக இருந்தது அவருக்குத் தெரியாததல்ல. அவர் தலைமையில் வந்த அறிக்கை ஏழாண்டு அலைக்கழிந்ததும் அதே கட்சியின் ஆட்சியில்தான். 1980-இல் எழும்பூரிலிருந்து சட்டமன்றத்துக்கு வந்தார், மக்களவைக்குத் திரும்பவில்லை. கட்சியைவிட்டு வெளியே வந்து மனித உரிமைக் கட்சியைத் தொடங்கியது வாழ்க்கையின் பிற்பகுதியில். முன்பே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பேசலாம். ஆனால் 1965-இல் அந்த நாற்காலியில் கட்சி விசுவாசி மட்டுமேயான ஒருவர் உட்கார்ந்திருந்தால், 'நிலைமை முன்னேறி வருகிறது' என்று நாலு பக்கம் எழுதி முடித்திருப்பார். பரம்பரைப் பூசையில் கைவைக்கச் சொல்லியிருக்க மாட்டார். பொம்மைக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. கான்ஷிராமின் வாதம் அமைப்பைப் பற்றியது, அது சரி. அந்த அமைப்புக்குள் நின்றுகொண்டு ஒருவர் எவ்வளவு தூரம் கையை நீட்டினார் என்று அளக்க அந்த வாதம் போதாது. 2005-இல் அவர் இறந்தபோது எத்தனை பேருக்கு இது தெரிந்திருந்தது? 2025 ஜூலையில் சிதம்பரத்தில் நூற்றாண்டு நினைவரங்கம் திறந்திருக்கிறார்கள். நல்லது. மண்டபம் திறந்தாயிற்று, அறிக்கை இன்னும் மூடித்தான் கிடக்கிறது. அதை முழுமையாகத் தமிழில் கொண்டுவந்து கிராமத்து நூலகம்வரை சேர்ப்பது நினைவரங்கத்தைவிட மலிவான வேலை.

ஊராட்சி அலுவலகங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் தலித் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வெளியானது. இளையபெருமாள் பிறந்து, வென்று, இறந்த மாவட்டம். எடுத்தவாய்நத்தத்தில் தலித் பெண் தலைவர் 2022 சுதந்திர தினத்தில் கொடியேற்ற மாவட்ட நிர்வாகம் தலையிட வேண்டியிருந்தது. தனி இடத்தில் வென்றவரை நாற்காலியில் உட்கார விடாத ஊரைப் பற்றிப் பேசாமல், அவர் பொம்மையா இல்லையா என்று மட்டும் நாம் பேசிக்கொண்டிருப்பதில் ஏதோ ஒன்று இடறுகிறது.

திருநாவலூர் இன்று உளுந்தூர்ப்பேட்டை சட்டமன்றத் தொகுதியில், விழுப்புரம் மக்களவைத் தனித்தொகுதியில் இருக்கிறது. வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் நாம் கேட்பது தெருவிளக்கு, சாலை, ரயில் நிறுத்தம். கேட்க வேண்டியதுதான். கூடவே இதையும் கேட்கலாம். 1976-இல் சேர்த்த 15ஏ பிரிவின்படி, தீண்டாமை நிலவும் பகுதிகளை அடையாளம் காண்பதும், சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று அவ்வப்போது ஆய்வு செய்வதும், பாதிக்கப்பட்டவருக்குச் சட்ட உதவி கொடுப்பதும் மாநில அரசின் கடமை. எடுத்த நடவடிக்கைகள் பற்றி ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் அறிக்கை வைப்பது மத்திய அரசின் கடமை. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அப்படி அடையாளம் கண்ட ஊர்கள் எவை? கடைசியாக எப்போது ஆய்வு நடந்தது? அலட்சியம் காட்டிய அரசு ஊழியர் எவர் மீதாவது வழக்கு உண்டா? தீண்டாமைக்குத் தண்டனை பெற்றவர் நிர்வகிக்கும் கோயிலுக்கோ பள்ளிக்கோ அரசு மானியத்தை நிறுத்தலாம் என்கிறது ஒன்பதாவது பிரிவு, அதை எங்கேயாவது பயன்படுத்தியிருக்கிறார்களா? அடுத்த முறை வெள்ளைச் சட்டையோடு எங்கள் தெருவுக்கு வருகிறவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், இந்த நாலு கேள்வியையும் தாளில் எழுதிக் கையில் கொடுக்கப்போகிறேன். அவையில் எழுந்து கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது.